புள்ளலூர்ச் சண்டையும் எங்கள் வீட்டு ஆயாவும்

சண்டை, படையெடுப்பு, முற்றுகை என்றாலே அது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டு, நாம் நம் பாட்டுக்குப் புளி கரைக்கப் போய்விடுவது வழக்கம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே? வருஷத்தை மனப்பாடம் பண்ணினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். ஆனால் சகோதரிகளே, எந்தக் காலத்திலும் யுத்தம் களத்தோடு நின்றதே இல்லை. களத்தில் பீரங்கி வெடிக்கும்போது, இரண்டு மைல் தள்ளி ஏதோ ஒரு வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த உலையை இறக்கி வைத்தார்களா, அப்படியே போட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களா? சரித்திரப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். வெளியூரில் யாரிடமாவது சொன்னால், "அடேயப்பா, பட்டுப்புடவை ஊராச்சே!" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால், "காமாட்சி ஊர், வரதர் ஊர்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "சண்டை நடந்த ஊராச்சே!" என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் படைகள் வந்து வந்து போன பூமி இது.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே 15 கிலோமீட்டர் சுமாருக்குப் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பார்த்தால் சாதாரணக் கிராமம்தான். வயல், ஏரி, பனைமரம், ஆட்டு மந்தை. ஆனால் 1,400 வருஷங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒரு பெரிய யுத்தம் நடந்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் தன் பகைவர்களை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவர் சாளுக்கியப் புலிகேசிதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதே சமயத்தில் கர்நாடகத்து ஐஹொளே கல்வெட்டைப் பார்த்தால், 'பல்லவனைக் காஞ்சிபுரத்துக் கோட்டைக்குள் பதுங்க வைத்தவன் எங்கள் புலிகேசி' என்கிற மாதிரி இருக்கிறது! இரண்டு வீட்டுக் குழந்தைகள் தெருவில் அடித்துக்கொண்டு வந்து, 'நான்தான் ஜெயிச்சேன்' என்று அவரவர் அம்மாவிடம் சொல்வதைப் போல இல்லை?

அதற்கப்புறம் 1780-ல் மறுபடியும் அதே புள்ளலூர். இந்தத் தடவை ஒரு பக்கம் மைசூர் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும்; மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி. கர்னல் பெய்லி என்பவர் குண்டூரிலிருந்து ஒரு படையோடு காஞ்சிபுரத்துக்கு வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஜெனரல் மன்றோ பெரிய படையோடு காத்திருந்தார். இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குக் கஷ்டம். ஆனால் வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து, பெய்லியின் படை ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே மாட்டிக்கொண்டது. வெள்ளம் வடிந்து ஆற்றைக் கடந்து வந்தவரை செப்டம்பர் 10-ந் தேதி காலையில் புள்ளலூரில் மைசூர்ப் படை வளைத்துக்கொண்டது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லியின் பக்கம் இருந்த சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-ல் இறந்துபோனார்.

காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ என்ன செய்தார் தெரியுமா? பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தோல்விச் செய்தி வந்ததும், தூக்கிக்கொண்டு ஓட முடியாத கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருஷம், 1781 ஆகஸ்டு 27-ந் தேதி, அதே புள்ளலூரில் இன்னொரு சண்டை. அதில் இறந்துபோன இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நட்ட ஞாபகத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இரண்டு பேருக்குத் தூண் இருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான பேருக்கு வயல்வெளிதான்.

இத்தனையும் எனக்குத் தெரியவந்த விதமே விசித்திரம். சில வருஷங்களுக்கு முன் மைசூருக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போயிருந்தோம். பிருந்தாவன், சாமுண்டி மலை எல்லாம் முடித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடைக்கால மாளிகைக்குப் போனோம். தரியா தௌலத் பாக் என்று பெயர். 1784-ல் கட்டியது. மேற்குச் சுவர் முழுக்க ஒரே சித்திரம்! குதிரைகள், யானைகள், வாள்கள், உருண்டு கிடக்கும் தலைகள்... நடுவில் ஒரு பல்லக்கில் ஒரு வெள்ளைக்காரர் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்க்கிறார். வெடிமருந்து வண்டி வெடித்துத் தீப்பிழம்பு. "இது புள்ளலூர்ச் சண்டை. உங்க காஞ்சிபுரத்துப் பக்கம்தான்!" என்றார் சுற்றிக்காட்டியவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ச் சண்டையை 400 கிலோமீட்டர் தள்ளி வந்து சுவரில் பார்க்க வேண்டியிருக்கிறதே! அந்தப் படத்தைப் பார்த்து 19-ம் நூற்றாண்டில் காகிதத்தில் வரைந்த ஒரு பிரதி, 2022-ல் லண்டனில் 6 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனதாம்.

அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். அந்தப் போர்க் காட்சியில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு குடிசை, ஒரு அடுப்பு, இடுப்பில் குழந்தையோடு ஓடுகிற ஒரு தாய்... எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

ஆனால் அன்றைக்கு அவர்கள் இருந்தார்கள். ஹைதர் தன் படையெடுப்பில் சென்னையைச் சுற்றி இருந்த கிராமங்களைக் கொளுத்தி, எதிரிக்கு ஒரு மணி தானியம் கிடைக்காமல் செய்தார். விதைப்பு இல்லை; அறுப்பு இல்லை. சென்னையில் பெரும் பஞ்சம் வந்து, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலைதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்களே! நாம் பிரசவத்துக்கும் கைமுறிவுக்கும் போகிற ஆஸ்பத்திரியின் பட்டப்பெயரில் ஒரு யுத்தத்தின் பசி ஒளிந்துகொண்டிருக்கிறது. சுவர்ச் சித்திரத்தில் விட்டுப்போனதை ஜனங்களின் வாய் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், என் பெண் ஒரு கருவி கொண்டுவந்தாள்.

அவள் இன்ஜினீயரிங் படிக்கிறாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, சிநேகிதியிடம் இரவல் வாங்கி, நீச்சல்காரர்கள் கண்ணுக்குப் போட்டுக்கொள்வதைப் போல, ஆனால் அதைவிடப் பெரிதாக, ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முகத்தில் மாட்டினாள். 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்கிறார்கள். சுருக்கமாக வி.ஆர். தமிழில் மெய்நிகர்க் காட்சி.

இதில் மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது. நம் சின்ன வயதில் 'வியூ மாஸ்டர்' என்று ஒரு பொம்மை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வட்டமான அட்டையைச் செருகி, கண்ணில் வைத்துப் பார்த்தால் தாஜ்மஹால் நிஜமாக நிற்பதுபோல் தெரியும். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்குக் கொஞ்சம் மாறுபட்ட இன்னொரு படம். மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுபிடித்துவிடும். வி.ஆர். அதன் பேத்தி. ஒரு வித்தியாசம்: இதில் தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். மேலே பார்த்தால் ஆகாசம், கீழே பார்த்தால் தரை, பின்னால் திரும்பினால் பின்வாசல். கருவிக்குள் இருக்கிற நுட்பமான உணர்விகள் நம் தலை எப்படி அசைகிறது என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால் படத்துக்கு வெளியே நின்று பார்க்கிற உணர்வே போய்விடுகிறது. அந்த இடத்திலேயே நிற்கிறோம்!

இப்படி ஆளை உள்ளே இழுத்துவிடுகிற ஆசை புதுசில்லை. 1800-ல் லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர், திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையை 120 அடி நீளத் திரையில் அரைவட்டமாக எழுதி மாட்டினார். ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே போய், சண்டைக்கு நடுவில் நிற்பதுபோல் நின்று பார்த்தார்கள். திப்பு தன் வெற்றியைச் சுவரில் எழுதினார்; அவர்கள் தங்கள் வெற்றியைத் திரையில் எழுதினார்கள். மகேந்திரவர்மன், புலிகேசி கதைதான் மறுபடியும்.

இன்றைக்கு உலகத்தில் சில இடங்களில் இந்தக் கருவியை வேறு மாதிரி உபயோகிக்கிறார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஆர்வம் பிடித்தது.

ஜப்பானில் ஹிரோஷிமா வட்டாரத்தில் ஃபுகுயாமா தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. அங்கே படிக்கிற பிள்ளைகள், அணுகுண்டு விழுவதற்கு முன்னால் ஹிரோஷிமாவின் கடைவீதி, ஆற்றங்கரை, தபாலாபீசு, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி இருந்தன என்று வி.ஆரில் கட்டி எழுப்பினார்கள். 2018-ல் உலகமே அதைப் பற்றிப் பேசியது. மொத்தம் ஐந்து நிமிஷக் காட்சி. அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் உழைப்பு! பழைய போட்டோக்களையும் தபால் அட்டைகளையும் தேடினார்கள். குண்டுக்குத் தப்பிய கிழவர், கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஊரை அறிந்தவர்கள் காட்சியைப் பார்த்ததும், மறந்திருந்த பழைய ஞாபகங்களையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். இதைச் செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் இல்லை. நம் வீட்டுப் பிளஸ் டூ பிள்ளைகள் வயசுதான்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய வீடு இருக்கிறது. போரில் சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுடைய அப்பாவின் விருப்பப்படி அறைகளை இன்றும் வெறுமையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் 2018-ல் வந்த வி.ஆர். காட்சியில், அந்த வெற்று அறைகளுக்குள் கட்டிலும் மேஜையும் சமையல் சாமான்களும் திரும்ப வந்துவிட்டன. ஒரு குடும்பம் எத்தனை சின்ன இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது.

நம் நாட்டுச் சமாசாரத்துக்கு வருவோம். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இந்திய, பாகிஸ்தானிய, ஆங்கில இளைஞர்கள் சேர்ந்து 'ப்ராஜெக்ட் தாஸ்தான்' என்று ஒரு காரியம் ஆரம்பித்தார்கள். 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள், எல்லை தாண்டிப் பிறந்த ஊரை மறுபடி பார்க்க முடியாமலே கிழடாகிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் அந்த ஊர்களுக்கு ஆள் அனுப்பி, நாலு பக்கமும் ஒரே சமயத்தில் பிடிக்கிற கேமராவில் தெருவையும் வீட்டையும் படம் பிடித்து, அந்தப் பெரியவர்களுக்கு வி.ஆரில் காட்டினார்கள். எழுபது வருஷத்துக்கு அப்புறம், உட்கார்ந்த இடத்திலிருந்தே பிறந்த மண்ணைப் பார்க்கிறார்கள்!

இதையெல்லாம் என் பெண் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமியார். வயது 90-ஐத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேண்டியது எல்லாம் கேட்கும்!

"அப்போ நான் பொறந்த தெருவும் அதுல தெரியுமா?" என்றார்.

அத்தை பிறந்தது சென்னை ஜார்ஜ் டவுனில். 1942-ல், எட்டு வயதில், அம்மாவோடும் தம்பி தங்கையோடும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். அந்த ஏப்ரல் மாதத்தில் ஜப்பான்காரன் கொழும்பிலும், அடுத்த நாளே விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு போட்டுவிட்டான். அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. அவசியம் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மிருகக்காட்சிசாலைச் சிங்கம், புலிகளைக்கூடச் சுட்டுவிட்டார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று. ரயில், மாட்டு வண்டி, கால்நடை என்று கிடைத்த வழியில் ஜனங்கள் கிளம்பினார்கள். கடைசியில் அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது, சேதம் சொற்பம்.

'சென்னையைக் காலி பண்ணிக்கொண்டு வந்தோம்' என்கிற ஒரு வரியைத் தவிர அத்தை எங்களிடம் வேறு எதுவும் சொன்னதே கிடையாது. என் பெண் சென்னைக்குப் போனபோது அந்தத் தெருவைத் தேடிப் பிடித்து, அதே மாதிரிக் கேமராவில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலை வேளையில் ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, மெதுவாகக் கருவியை மாட்டிவிட்டாள். அத்தை கையால் காற்றைத் தடவிக்கொண்டே தலையைத் திருப்பினார்.

"ஒண்ணுமே அடையாளம் தெரியலையே கண்ணு... இது என்னா, இம்மாம் பெரிய கட்டடம்? குழாயடி எங்கே?" அப்புறம் சட்டென்று, "இரு, இரு. இந்தக் கோயில் இருக்குதே! இதுக்கு எதிர்லதான் வண்டி நின்னுச்சு. எங்கம்மா நிறைமாசம். அப்பா வண்டியில ஏத்தி விட்டாரு. கடையில கணக்கு எழுதுறவரு, அவரு வர முடியாது" என்றார்.

அதற்கப்புறம் அத்தை சொன்னதை, வீட்டில் நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. எழும்பூரில் ரயில். உட்கார இடம் இல்லை. நிறைமாசக்காரி நின்றுகொண்டே வந்தாள். செங்கல்பட்டில் இறங்கி வண்டி மாறிக் காஞ்சிபுரம். அங்கிருந்து மாட்டு வண்டி. வழியிலேயே வலி எடுத்துவிட்டது. ஒரு தறிக்காரர் வீட்டில் திண்ணையைக் காலி பண்ணி, புடவையைத் திரை கட்டி இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாவே பிரசவம் பார்த்தாள். குழந்தைகளுக்குக் கூழ் ஊற்றினாள். அவள் பெயர் என்ன, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. பிறந்த குழந்தை மூன்று நாள் இருந்தது.

"ஏரிக்கரைப் பக்கம் எடுத்துட்டுப் போனாங்க. நான் வாசல்ல நின்னுகிட்டு இருந்தேன். அது பையனா பொண்ணான்னு எங்கம்மா கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்லம்மா. நானும் கேக்கல."

கருவியைக் கழற்றிய பிறகும் அத்தை கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை. ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கோபமான கோபம். "வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம் கிளர்றீங்க? நிம்மதியா இருக்கட்டும்" என்றார். பிள்ளையின் கவலை நியாயம்தான். டாக்டரும், "அவங்களா பேசினா பேசட்டும். தூண்டித் துருவ வேண்டாம்" என்று சொன்னார். நாங்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். பத்து நாள் போயிருக்கும். அத்தையே என்னைக் கூப்பிட்டார். "உன் பொண்ணை ஃபோன்ல புடிக்கச் சொல்லு. அந்த வீட்டு அம்மா எனக்கு ஒரு பட்டு நூல் கண்டு குடுத்தா, அழாம இருக்க. அதை நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் குண்டு விழவில்லை, ஆகவே சாவு இல்லை என்று கணக்கு முடிந்துவிடும். அந்த மூன்று நாள் குழந்தை எந்தக் கணக்கிலும் வராது. பெயர் தெரியாத அந்தத் தறிக்கார அம்மாவுக்கு எந்தத் தூணும் இல்லை. இது ஒரே ஒரு ஜீவனின் ஞாபகத்தில் மட்டும் 80 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. 1942-ல் எட்டு, பத்து வயதாக இருந்தவர்கள் இன்னும் எத்தனை வருஷம் நம்மோடு இருக்கப் போகிறார்கள்?

புள்ளலூருக்கு ஒரு வி.ஆர். காட்சி செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. செய்வதும் முடியாத காரியமில்லை. அந்த ஞாபகத் தூண்களைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான போட்டோ எடுத்தால், கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து அச்சு அசலாக முப்பரிமாண உருவம் செய்துவிடும். தரியா தௌலத் சித்திரம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வயல் நடுவே நின்று, 1780-ம் வருஷத்துக் காலைப் பனியில் படை வருவதைப் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு இரண்டு நிபந்தனை உண்டு. ஒன்று, எது ஆதாரத்தோடு தெரிந்தது, எது நாமாகக் கற்பனையில் நிரப்பியது என்று அந்தக் காட்சிக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் படித்தால் நம்பலாமா என்று ஒரு யோசனை வரும். கண்ணால் 'பார்த்துவிட்டால்' பிள்ளைகள் சத்தியம் என்றே நினைத்துவிடுவார்கள். இரண்டாவது, அந்தக் காட்சியில் பீரங்கி மட்டும் இருந்தால் போதாது. உலை கொதிக்கிற வீடும் இருக்க வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டையும் கோத்து நெய்தால்தான் அது புடவை. கரை இல்லாமல் நெய்துவிட்டுக் காஞ்சிபுரம் பட்டு என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

1780-ல் இருந்த வீட்டுப் பெண்களை இனி நாம் கேட்க முடியாது. ஆனால் நமக்குத் தெரிந்த யுத்தங்கள் இருக்கின்றனவே! பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள், 1962, 1965, 1971 சண்டைகளில் கணவரை எல்லைக்கு அனுப்பிவிட்டுத் தபாலுக்குக் காத்திருந்தவர்கள், 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் என்று உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். பின்னால் யார் எந்தக் கருவியில் காட்சி செய்தாலும், உள்ளே வைக்க விஷயம் வேண்டும். அதைச் சேகரிக்க இப்போதைக்கு வி.ஆரே வேண்டாம். கையில் இருக்கிற செல்ஃபோன் போதும். என் அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி கேளுங்கள். 'பதிவு பண்ணட்டுமா, யாரெல்லாம் கேட்கலாம்?' என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். காலை வேளை நல்லது, ராத்திரி வேண்டாம். மின்விசிறி, டி.வி., மிக்ஸி எல்லாம் நிற்கட்டும். ஃபோனை அவர் மடிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, ஊர், பேசுகிறவர் யார் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

'சண்டையைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'அன்னிக்கு அடுப்புல என்ன இருந்துச்சு? கையில எதை எடுத்துக்கிட்டீங்க? எதை விட்டுட்டு வந்தீங்க?' என்று கேளுங்கள். கடகடவென்று வரும். அழுதால் அழட்டும், தண்ணீர் கொடுத்து அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுபடி பேசுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது வீட்டில் இருந்தால், டிரங்குப் பெட்டியோ கூஜாவோ எதுவாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி நாற்பது ஐம்பது படம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் அதைக்கொண்டே முப்பரிமாண உருவம் செய்துவிடலாம். பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஃபோன் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியில் விழத்தான் போகிறது!

கருவியை மாட்டுகிற சந்தர்ப்பம் வாய்த்தால் ஆரோக்கிய விஷயத்தில் கவனம். கண் 'நடக்கிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்தக் குழப்பத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். பெரியவர்களைக் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்தே காட்டுங்கள். ஐந்து நிமிஷம் போதும். வலிப்பு உள்ளவர்களும், அடிக்கடி கிறுகிறுப்பு வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மெட்டா கம்பெனிக்காரர்களே தங்கள் கருவியைப் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் உபயோகிக்கக் கூடாது என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதுவரை ஆறு பதிவு ஆகியிருக்கிறது. என் வீட்டுக்காரர் முதல் நாலில் கிட்டவே வரவில்லை. ஐந்தாவது நாள் வாசற்படியில் நின்று கேட்டார். ஆறாவது நாள், "அந்தத் தறிக்காரர் வீடு எந்தப் பக்கம் இருந்திருக்கும்மா? கோயில் கோபுரம் தெரிஞ்சுதா? இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். வருகிற மாசி மாதம் அத்தையைக் காரில் வைத்து அந்தப் பக்கத்துத் தெருக்களில் மெதுவாக ஒரு சுற்று வருவதாக இருக்கிறோம். வீடு கிடைக்காமல் போகலாம். அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால், ஒரு புடவையும் பழமும் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று அத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஆயாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீரியலை ஒரு அரை மணி ஒத்திப்போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கூடவே உங்கள் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.